மண்ணெண்ணெயில் ஓடின மொறிஸ் மைனர்

கடிலாக் எண்டால் எங்கள் நாலு பேருக்கும் ஒரு விசர். அதுவும் 1959ஆம் ஆண்டு மொடல். பின்னுக்கு மீன்செட்டை மாதிரி இரண்டு உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு செட்டையிலும் இரட்டைச் சிவப்பு விளக்கு. ஏ.எல். சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த மாதங்களில் நிலாவெளிச் சந்தித் தேநீர்க் கடை வாங்கில் ஒரு ஃபோனைச் சுற்றி நாலு தலை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் கொட்டிலில் உக்கிக் கிடந்த காரைக் கடைசி ஆணி வரைக்கும் கழற்றி, பூசி, பூட்டி, புதுசாக்கி வெளியே எடுக்கிற வீடியோக்கள். எத்தனை பார்த்தோம் எண்டு கணக்கில்லை.

பார்க்கப் பார்க்கக் கதைகளும் சேர்ந்தன. அந்தச் செட்டைகளைக் கொண்டுவந்தவர் ஹார்லி ஏர்ல். இரண்டாம் உலகப்போர்க் கால பி-38 விமானத்தின் வாலைப் பார்த்து வந்த யோசனையாம். 1948ஆம் ஆண்டு மொடலில் சின்னதாக முளைத்தது, 1959இல் அந்த உயரத்துக்குப் போனது. ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்தது 1908இல் நடந்த ஒரு சோதனை. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மூன்று கடிலாக் கார்களை முழுசாகக் கழற்றி, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து குவித்து, அந்தக் குவியலிலிருந்து திரும்ப மூன்று கார் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு காரின் பாகம் இன்னொன்றுக்கும் அச்சொட்டாகப் பொருந்தும் எண்டதுதான் அதில் நிரூபிக்கப்பட்ட விஷயம். அதற்கு டுவார் கிண்ணமும் கிடைத்தது. உதிரிப்பாகம் எண்ட சொல்லுக்கு அர்த்தம் வந்த நாள் எண்டு அதை நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

இதெல்லாம் தெரியும். ஆனால் எங்களில் ஒருவரும் ஒரு கடிலாக்கைக் கையால் தொட்டதில்லை.

எங்கட ஒழுங்கையில் இருந்தது ஒரு மொறிஸ் மைனர். றைவர் மாமாவின் கார். ஊரில் எல்லாருக்கும் அவர் றைவர் மாமாதான். யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடினவர். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு மகளோடு இருக்க நிலாவெளிக்கு வந்தபோது, அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். 2004 சுனாமியில் கடல்நீர் அவரின் வளவுக்குள்ளும் வந்து போனது. அதன்பிறகு கார் மாமரத்தடியில் ஒரு தார்பாய்க்குள் போய்விட்டது. சின்னனில் ஒளித்துப் பிடித்து விளையாடியபோது நாங்கள் ஒளிச்ச இடம் அது.

அந்தக் காரை நாங்கள் மதிக்கத் தொடங்கினதும் அமெரிக்காவால்தான். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிசுக்கு அமெரிக்கக் கார்களில், குறிப்பாகப் பக்கார்ட் கிளிப்பரில், ஒரு கண் இருந்ததாம். பக்கார்ட் எண்டால் ஒரு காலத்தில் கடிலாக்குக்கே மேலே நின்ற பெயர். டெற்ரோயிற்றில் அதன் கடைசிக் கார்கள் 1956இல் வந்தன. அதன் தொழிற்சாலை பல வருசம் பாழடைந்து கிடந்து 2022இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. அந்தப் பக்கார்டின் சாயலை மைனரின் முன்பக்கத்தில் ஃபோனில் ஒப்பிட்டுப் பார்த்தோம். பொனற்றின் நடுவில் ஒரு பட்டை ஓடுமே, அதற்கும் காரணம் இருக்கிறது. 1948இல் அறிமுகமாவதற்குக் கொஞ்சம் முதல், கார் ஒடுக்கமாக இருக்கிறது எண்டு பட்டு, மாதிரிக் காரை நடுவால் வெட்டி நாலு அங்குலம் அகட்டினார் இசிகோனிஸ். அந்த நாலு அங்குலம்தான் அந்தப் பட்டை.

மாமாவிடம் போய்க் கேட்டோம்: “மாமா, இதை நாங்கள் ஒறிஜினலா ஆக்கித் தரட்டோ?”

“ஓடினாச் சரி” எண்டார்.

முதல் கிழமை துப்புரவு மட்டும்தான். சீற்றுக்கு அடியில் கடல்மண் இன்னும் கிடந்தது, சிப்பித்துண்டுகளோடு. எஞ்சின் பகுதியைக் கழுவும்போது கண்டதெல்லாம் எங்களுக்கு எரிச்சல். எக்ஸோஸ்ற் குழாயைச் சுற்றி ஒரு செப்புக் குழாய். சுவரோடு தகரத்தால் அடித்த ஒரு பிடி, அதற்குள் ஒரு சின்னப் போத்தல். அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு சேலைன் ரியூப். கொம்பனி மனுவலில் இப்படி ஒன்றுமில்லை. யாரோ கைக்கு வந்தபடி செய்த வேலை எண்டு முடிவெடுத்து எல்லாவற்றையும் கழற்றினோம். உக்கின தகரங்களோடு சேர்த்து, ஒழுங்கையால் வந்த பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தோம். காசுக்கு றோல்ஸும் பிளேன்ரீயும்.

பின்னேரம் மாமா வந்து பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கனநேரம் பேசவில்லை.

“அதில இருந்த போத்தல் எங்க?”

சொன்னோம்.

அவர் ஏசியிருந்தால் பரவாயில்லை. கதிரையைப் போட்டு இருந்து, வேறு யாருக்கோ சொல்லுறது மாதிரிச் சொன்னார். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கினதோடு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுவிட்டது. பொருளாதாரத் தடை. கள்ளமாக வந்ததுக்கு யானை விலை. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் மட்டும் மண்ணெண்ணெய்க்கு ஓடும். ஆனால் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயால் எழுப்ப ஏலாது, அது லேசில் ஆவியாகாது. அதனால் முதலில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் விடவேணும். செப்புக் குழாய் மண்ணெண்ணெயைச் சூடாக்க. போத்தல் அந்தச் சில துளிக்கு.

இதில் எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எங்கட கடற்கரையில் மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டின வள்ளத்தையும் பெற்றோலில் எழுப்பித்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு விடியலும் கேட்கிற சத்தம். ஆனால் காருக்குள் கண்டபோது அது எங்களுக்குக் குப்பையாகத் தெரிந்தது.

“அந்தப் போத்தல்ல ஒரு சொட்டை நான் வேற ஒண்டுக்கும் தொட மாட்டன்” எண்டார் மாமா. “ராவில ஆரும் வந்து கதவில தட்டினா ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். அதுக்கெண்டு இருந்தது. தொண்ணூற்றஞ்சு இடப்பெயர்வுக்கும் அதுதான் எழுப்பினது. எட்டுப்பேர் உள்ளுக்க.”

அடுத்தநாள் விடிய இரண்டு மோட்டார்சைக்கிளில் திருகோணமலைக்குப் போனோம். பழைய இரும்புக் கடையின் குவியலை மத்தியானம் வரைக்கும் கிண்டினோம். செப்புக் குழாய் கிடைத்தது, நெளிந்துபோய். பிடியும் கிடைத்தது. போத்தலும் ரியூப்பும் இல்லை.

அதன்பிறகுதான் ஒழுங்காகத் தேடி வாசித்தோம். பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனமான ஃபீவா 2013இல் ரூரின் சாசனம் எண்டு ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு வாகனம் அதன் வழமையான பாவனைக் காலத்தில் கண்ட மாற்றங்களும் அதன் வரலாற்றின் சாட்சிகள், அவற்றையும் காக்கவேணும், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் தோற்றத்துக்குத் திருப்பத் தேவையில்லை எண்டு அது சொல்கிறது. நாங்கள் கொண்டாடுகிற பெபிள் பீச் கார்க் கண்காட்சியிலேயே, மீளமைக்காமல் அப்படியே காத்த கார்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் அமெரிக்கத் தடைக்குப் பிறகு ரஷ்ய எஞ்சின்களோடும் ஓடியிருக்கின்றன. அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டால் கியூபாவின் கதையும் அதோடு போய்விடும்.

இன்னொன்றும் எங்களை உலுப்பியது. 1990களில், எங்கட இதே தீவின் தெற்கில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு மைனர் வைத்திருப்பவர்களுக்காக. அதே காலத்தில் வடக்கில் ஒருவர் தகரத்தை அடித்து ஒரு போத்தலுக்குப் பிடி செய்திருக்கிறார். 1908இல் கடிலாக் காட்டினது எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்தும் எண்டு. மாமாவின் செப்புக் குழாய் உலகத்தில் வேறு எந்தக் காருக்கும் பொருந்தாது.

வேலை முடிய எட்டு மாதம் எடுத்தது. தரைத்தகடு புதிது, உப்பு அதை மிச்சம் விடவில்லை. பிறேக்கும் வயரிங்கும் புதிது. நெளிந்த செப்புக் குழாயை நிமிர்த்தித் திரும்பச் சுற்றினோம், இணைக்கவில்லை. பிடியையும் பழைய துளைகளிலேயே பூட்டினோம். கார் இப்போது பெற்றோலில்தான் ஓடுகிறது. எங்களில் ஒருத்தி அதே அளவில் ஒரு மருந்துப் போத்தல் தேடிக் கொண்டுவந்தாள். மாமா கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “வேண்டாம் பிள்ளை. இது அதில்லை.” பிடி வெறுமையாக இருக்கிறது.

இப்போது பின்னேரங்களில் மாமா சொல்லுவதை ஃபோனில் பதிகிறோம். எந்தக் கராச்சில் எந்தப் பாகத்தை எதிலிருந்து வெட்டினார்கள், பிளக் கரிபிடித்தால் எதால் சுரண்டினார்கள், எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கினால் எப்படிக் கண்டுபிடிப்பது எண்டெல்லாம். கடிலாக் வீடியோக்களையும் விட்டுவிடவில்லை, அந்த விசர் போகாது.

உங்கள் வளவிலும் ஒரு தார்பாய்க்கு அடியில் ஒஸ்ரினோ மைனரோ கிடக்கலாம். ஸ்பானரை எடுக்க முதல் ஒரு கதிரையைப் போட்டு, அதை ஓட்டினவரை இருத்திக் கதை கேளுங்கள். நாங்கள் ஸ்பானரைத்தான் முதலில் எடுத்தோம்.