வீட்டுக்குள் ஓர் இசைக் களஞ்சியம்

என் அறையில் புத்தக அலமாரியின் நடுத்தட்டில் இருக்கும் சிறு பெட்டி என்னவென்று துறை நண்பர்களும் மாணவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். தனித்தனியே சொல்லி வந்ததை ஒருமுறை முழுமையாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நீண்ட பதிவு, பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.

அது ஓர் இசை வழங்கி. உள்ளே இருப்பது ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி. 2012இல் பிரிட்டனில், மாணவர்கள் கணிப்பொறியியல் பழகுவதற்கென்று விற்பனைக்கு வந்த பலகை. அளவில் ஏறத்தாழ ஒரு வங்கி அட்டை. அதன் நாற்பது ஊசிகளின்மேல் ஒரு டிஜிட்டல்-அனலாக் மாற்றிப் பலகை அமர்ந்திருக்கிறது. எண்களை மின்னலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதன் வேலை. பக்கத்தில் ஒரு வன்தட்டு. லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் எம்.பி.டி. என்னும் கட்டற்ற மென்பொருள். திரை இல்லை, விசைப்பலகை இல்லை, விசிறியும் இல்லை. கைப்பேசியிலிருந்து கட்டளை இட்டால் பாடும். பொருத்தி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. அதற்குள் வைக்க வேண்டியவற்றைச் சேர்த்து ஒழுங்குபடுத்த இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியது.

இணையத்தில் எல்லாமே கிடைக்கும்போது எதற்கு இந்தச் சிரமம் என்பது அடுத்த கேள்வி. எல்லாமே கிடைப்பதில்லை என்பதுதான் விடை. என் தந்தையார் தஞ்சாவூரில் எழுபதுகளின் இறுதியிலிருந்து சேர்த்த ஒலிநாடாக்கள் ஏறத்தாழ 180. அவற்றுள் பாதிக்கு மேல் கடையில் வாங்கியவை அல்ல. கோயில் திருவிழாக்களிலும் சிறு சபாக்களிலும் முன்வரிசையில் அமர்ந்து, வித்வான்களிடம் இசைவு பெற்று, மடியில் வைத்த கருவியில் அவரே பதிந்தவை. அந்தக் கச்சேரிகளுக்கு வேறு பிரதி உலகில் இருக்கும் என்று நம்ப இடமில்லை. அவற்றைப் புனேவுக்குக் கொண்டுவந்த முதல் மழைக்காலத்திலேயே நான்கைந்து நாடாக்களின் விளிம்பில் வெண்பூஞ்சை தலைகாட்டியது. அதற்குமேல் காத்திருக்க இயலவில்லை.

தொண்ணூறு நிமிட நாடா 180 என்றால் 270 மணி நேரம். நாடாவை அவசரப்படுத்த முடியாது, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் அது நகரும். இரவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 135 இரவுகள். ஜூனா பஜாரில் ஒரு பழைய டெக் கிடைத்தது. அதன் ரப்பர் பட்டையைப் புத்வார் பேட் மின்னணுக் கடைத்தெருவில் மாற்றினேன். நாடாவைத் தொட்டுப் படிக்கும் முனை, பதிந்த கருவியின் முனையோடு ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் வயலினின் மேல்தாயி மங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு சிறு திருகாணியைத் திருப்பி, ஒலி தெளியும் இடத்தைக் காதால் தேட வேண்டியிருந்தது.

வேகத்தின் சிக்கல் இன்னும் நுட்பமானது. நாடாவின் வேகம் ஆறு விழுக்காடு மாறினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும். ஒரு கச்சேரியில் வர்ணம் ஒரு கட்டைச் சுருதியில் தொடங்கி, மங்களம் ஒன்றரைக் கட்டையைத் தொட்டு நின்றது. பாடகர் சுருதி விலகியவர் அல்லர். பதிந்த கருவியின் பேட்டரி மெல்லத் தளர்ந்திருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தான் செய்யும். இதைத் திருத்துவதற்கு அளவுகோல் பதிவுக்குள்ளேயே இருந்தது. கச்சேரி முழுவதும் பின்னணியில் தம்புரா ஒலிக்கிறது. அதன் ஷட்ஜம் எங்கே எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று நிமிடந்தோறும் அளந்து, அந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் போதும்.

ஆனால் திருத்தலாமா என்பது வேறு கேள்வி. இந்த ஊரில் இருந்துகொண்டு அதை எளிதாகக் கடந்துவிட முடியாது. பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்த மகாபாரதச் செம்பதிப்பு, 1259 சுவடிகளை ஒப்பிட்டு உருவானது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேர்ந்த பாடம் நிற்கும். கீழே ஒதுக்கப்பட்ட பாடங்கள் நிற்கும். பதிப்பாசிரியரின் முடிவை ஏற்காதவர் அதே பக்கத்திலேயே அதை மறுக்க வழி உண்டு. உ.வே.சாமிநாதையர் பாடபேதங்களைக் குறித்துவைத்ததும் இதே நேர்மையால்தான். நானும் அதையே பின்பற்றினேன். நாடாவிலிருந்து வந்த ஒலி, இரைச்சலோடும் வேகப்பிழையோடும் அப்படியே ஒரு கோப்பாக இருக்கும். சுருதி திருத்தியது தனிக் கோப்பு. என்ன செய்தேன் என்ற குறிப்பு அதற்குள்ளேயே இருக்கும். நாளை என்னிலும் நல்ல செவியும் கருவியும் உடையவர் முதலிலிருந்து தொடங்கலாம்.

சேமித்த வடிவம் ஃபிளாக். ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001இல் முதற்பதிப்பு வெளிவந்த கட்டற்ற வடிவம் இது. எம்.பி.3 மனிதச் செவி கவனிக்காது என்று கருதுவனவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கும். ஃபிளாக் எதையும் நீக்காமல் சுருக்கும், விரித்தால் ஒரு பிட் குறையாமல் மூலம் திரும்ப வரும். குறுவட்டின் தரத்தில், அதாவது வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடம் என்ற கணக்கில், ஒரு மணி நேர இசைக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் வேண்டும். ஃபிளாக் அதைப் பாதி அளவுக்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்திருந்தேன். குறுவட்டுகளுக்கு அது பொருந்தியது. நாடாக்கள் அவ்வளவு சுருங்கவில்லை. காரணம் கிளாட் ஷானன் 1948இல் வகுத்த தகவற்கோட்பாட்டில் இருக்கிறது. ஒழுங்கு உள்ளதைத்தான் சுருக்கிச் சொல்ல முடியும். நாடாவின் 'ஸ்' என்ற இரைச்சலில் ஒழுங்கு ஏதும் இல்லை. குரலும் தம்புராவும் சிறிய இடத்தில் அடங்கிவிட, எவரும் கேட்க விரும்பாத இரைச்சல் வன்தட்டில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கிறது.

உண்மையான ஆய்வுச் சிக்கல் இதற்குப் பிறகே தொடங்கியது. இசைக் கோப்புகளின் மீத்தரவுப் புலங்களை வகுத்தவர்கள் மேற்கத்தியப் பாடல் தொகுப்பை மனத்தில் கொண்டு வகுத்தார்கள்: கலைஞர், தொகுப்பு, பாடல், வகை, ஆண்டு. ராகமும் தாளமும் அங்கில்லை. பக்கவாத்தியக்காரர்களுக்கு இடமில்லை. ஃபிளாக் கோப்பில் நாம் விரும்பும் பெயரில் புலங்களைச் சேர்க்க முடியும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் எம்.பி.டி. 'ராகம்' என்ற புலத்தை அறியாது. ஆகவே ராகத்தை அதற்குரிய புலத்திலும், அதன் பிரதியை 'வகை' என்ற புலத்திலும் எழுதும் ஒரு சிறு நிரலை எழுதிக்கொண்டேன்.

ராகத்தின் பெயர் மட்டும் போதாது என்பதைப் புனே கற்றுத்தந்தது. நம் தோடியின் சுரங்கள் இந்துஸ்தானியில் பைரவி தாட்டுக்கு உரியவை. இந்துஸ்தானித் தோடியின் சுரங்களோ நம் சுபபந்துவராளிக்கு உரியவை. நம் பைரவி இவ்விரண்டிலும் வேறு. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். அங்குள்ள ஹிந்தோலோ வேறொரு ராகம். இரு மரபையும் ஒரே களஞ்சியத்தில் வைத்து 'தோடி' என்று தேடினால், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு இசைகள் அடுத்தடுத்து வரும். ஆகவே 'மரபு' என்று ஒரு புலம் சேர்த்தேன். அது நிறைவு தந்த சில நாள்களிலேயே உஸ்தாத் அப்துல் கரீம் கானின் இசைத்தட்டுகள் அதைக் கலைத்துப் போட்டன.

கரீம் கான் 1913இல் புனேயில் ஆர்ய சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கியவர். கிரானா மரபின் பெருங்கலைஞர். தென்னாட்டு இசையை விரும்பிக் கற்று, தியாகராஜர் கிருதியை இசைத்தட்டில் பாடியவர். அந்தத் தட்டை எந்த மரபில் வைப்பது? கடைசியில் அந்தப் புலத்தில் இரண்டு விடைகளை அனுமதித்தேன். அவர் 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், செங்கற்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். அவருடைய மாணவர் சவாய் கந்தர்வரின் நினைவாக அவருடைய மாணவர் பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய விழாதான் இன்றும் டிசம்பரில் இந்நகரம் திரண்டு கேட்கும் விழா. கரீம் கானின் ஜிஞ்சோட்டி இசைத்தட்டைக் கேட்டுத்தான் சிறுவன் பீம்சேன் குருவைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்பினார் என்பது பலரும் அறிந்த செய்தி. மூன்றரை நிமிடப் பதிவு ஒன்று ஒரு மரபின் போக்கையே தீர்மானிக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமைக்காலம் 60 ஆண்டுகள் என்பதால் அவை இன்று பொதுச்சொத்து.

பெயர்களைத் தமிழில் எழுதியதும் இன்னொரு பாடம். பட்டியலில் 'மோகனம்' இரண்டு முறை வந்தது, கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லாமல். ஒன்றில் 'மோ' என்பதன் ஓகாரக்குறி ஒரே குறியீடு; மற்றதில் ஏகாரக்குறியும் கால்குறியும் தனித்தனிக் குறியீடுகள். ஒருங்குறியில் இரண்டும் செல்லும், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு. வரிசையிலோ 'கானடா' முன்னால் வந்து 'காபி' பின்னால் நின்றது. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து. ஒருங்குறியில் அது நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே இருக்கிறது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது; எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் அமர்த்தும் அத்தரத்தில் னகரம் நகரத்தின் அண்டை வீட்டுக்குப் போய்விட்டது. இந்திய எழுத்துகளைக் கணினியில் ஏற்றிய ஜிஸ்ட் தொழில்நுட்பம் கான்பூரில் பிறந்து, இதே புனேயின் சி-டாக்கில் வளர்ந்தது என்பதை நினைக்கையில், என் பட்டியலின் குழப்பத்துக்கும் ஓர் உள்ளூர் வரலாறு உண்டு என்று சிரித்துக்கொண்டேன்.

ஒலிக்கருவி ஆர்வலர்கள் கேட்கக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த டிஜிட்டல் கேபிள்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிட்டுகள் பிழையின்றிச் சேர்ந்தால் போதும். பெரிய மாற்றம் தந்தவை இரண்டு. ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தியதும் மிருதங்கத்தின் தொப்பி குமுறுவது நின்று, அடி அடியாகக் கேட்டது. டைல் பதித்த தரையும் வெற்றுச் சுவரும் கைதட்டினால் திருப்பிக் கைதட்டும் அறை என்னுடையது. ஒரு சுவரில் மராட்டியப் பாட்டிமார் தைக்கும் கோதடி ஒன்றைத் தொங்கவிட்டதும் அது அடங்கியது. மென்பொருளில் கவனிக்க வேண்டியது, தடங்களுக்கிடையே இடைவெளி விழாமல் இசைப்பது. ஆலாபனை ஒரு கோப்பாகவும் கிருதி அடுத்த கோப்பாகவும் இருக்கும்போது, நடுவில் அரை நொடி தம்புரா அறுந்தாலும் கச்சேரி அறுந்துவிடும். பாடல்களைக் கலைத்துப்போடும் வசதியை நீக்கிவிட்டேன். அரியக்குடி வகுத்தளித்ததாகப் போற்றப்படும் கச்சேரி முறையில் வர்ணம் எங்கே, தனி எங்கே, துக்கடா எங்கே என்பதற்குக் காரணம் உண்டு.

இனி, இந்த வேலையில் நாள் குறித்து நெருக்கியது எதுவென்று சொல்ல வேண்டும். நாடாக்களில் 23க்கு அட்டை இல்லை. பாடுபவர் யார், வாசிப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, ஒன்றும் தெரியாது. அப்பா சென்ற குளிர்காலத்தில் இங்கே வந்து இரண்டு மாதம் தங்கினார். மாலைதோறும் ஒரு நாடா. மேல்தாயிச் சுரங்கள் இப்போது அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தனியின் முடிவில் கோர்வை மூன்றாம் முறை திரும்புமுன்பே, "இது இன்னார் கை" என்று மிருதங்கக்காரரைச் சொல்லிவிடுவார். ஒரு பதிவில் இடையே ரயில் ஒன்று கூவிச் செல்கிறது. அந்த ஒலியைக் கேட்டு மண்டபத்தைச் சொன்னார், மண்டபத்தைக் கொண்டு ஆண்டைச் சொன்னார். 14 நாடாக்களுக்குப் பெயர் கிடைத்தது. மீதி ஒன்பதைப் பற்றி, "அவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்" என்றார். அவருடன் எல்லாக் கச்சேரிக்கும் சென்ற நண்பர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அந்த ஒன்பதும் 'அறியப்படவில்லை' என்ற குறிப்போடு இருக்கின்றன.

நாடாவின் பூஞ்சையைத் துடைத்துவிடலாம், அறுந்தால் ஒட்டலாம். அதைக் கேட்டுப் பெயர் சொல்லக்கூடியவர் போனால், குரல் முழுமையாக இருந்தும் அது யாருடைய குரலாகவும் இல்லாமல் போய்விடும். இதனால்தான் அப்பா சொன்னவற்றை வெறும் பெயர்களாக மட்டும் எழுதிக்கொள்ளாமல், அவர் சொன்ன விதத்தையும் பதிந்து அந்தந்தக் கச்சேரியின் அருகிலேயே வைத்திருக்கிறேன். அவருடைய கையெழுத்து அட்டைகளின் படங்களும் உடன் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள்: இங்கே இரண்டு, தஞ்சாவூர் வீட்டில் ஒன்று.

உங்கள் வீட்டிலும் ஒரு நாடாப் பெட்டி இருக்கலாம். கருவி வாங்குவது, வடிவம் தேர்வது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதைச் செய்ய எப்போதும் ஆள் கிடைக்கும். அட்டையில்லாத நாடாக்களை முதலில் எடுத்துவையுங்கள். அவற்றைப் பதிந்தவரோ, உடனிருந்து கேட்டவரோ இன்று இருந்தால், இந்த வாரமே அவருடன் அமர்ந்து ஒரு பக்கத்தையாவது கேளுங்கள். மேலே சொன்ன நிரல் வேண்டுவோர் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.