படகில் வந்த குட்டிப் பயணி

துபாயில் தேராவிலிருந்து பர் துபாய்க்கு மரப்படகில் போனோம். கட்டணம் 1 திர்ஹாம்தான். ‘அப்ரா’ என்கிறார்கள். என் மடியில் தங்கையின் மகள், பிறந்து 35 நாள். அந்தப் படகில் பாஸ்போர்ட்டே இல்லாத ஒரே ஆள் அநேகமாக அவள்தான்!

இங்கே பிறந்தாலும், நம்மைப் போல வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைக்கு அமீரகக் குடியுரிமை கிடையாது. சரி, இந்தியக் குடியுரிமை தானாக வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளின் பிறப்பை 1 வருடத்துக்குள் நம் தூதரகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் டில்லியின் அனுமதி தேவை. வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லையென்று பெற்றோர் எழுதியும் தர வேண்டும்.

அதைவிட அவசரம், 120 நாளுக்குள் அமீரக விசா அடிப்பது. தவறினால் அபராதம். விசாவுக்கு பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு போட்டோ வேண்டும்.

மீனா பஜாரில் ஜவுளிக் கடைகளைக்கூடப் பார்க்காமல் ஸ்டுடியோவுக்கு ஓடினோம். கண் திறந்திருக்க வேண்டுமாம். மகாராணியோ நல்ல தூக்கம். கிலுகிலுப்பை ஆட்டினோம், பாதத்தைச் சுரண்டினோம். ஆறாவது தடவைதான் விழித்துப் பார்த்தாள்.

தஞ்சாவூரிலிருந்து அம்மா போன். தொட்டில் வாங்கி மூன்று வாரமாகிறது.

“எப்படி, பேத்தியை எப்போ கூட்டிட்டு வர்றீங்க?”

“போட்டோ எடுத்தாச்சும்மா” என்றாள் தங்கை.