பலா லோடும் டிரைவர் தூக்கமும்

சித்திரை பிறந்துவிட்டால் ஆலங்குடி, வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் வட்டாரத்தில் பலா வாசனைதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த கஜா புயல் இங்கே பலாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்தது. தப்பிய மரங்களும் அதன்பிறகு வைத்த கன்றுகளும்தான் இன்று மண்டிகளுக்குக் காய் கொடுக்கின்றன. பகலெல்லாம் காய் வந்து இறங்கும்; பொழுது சாய்ந்தால் லாரியில் ஏறும். விவசாயியையும் வியாபாரியையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்த லாரியை ஓட்டுகிறவர் ராத்திரி எங்கே, எப்படித் தூங்குகிறார் என்று பார்க்கத்தான் நான் போனேன்.

சங்ககிரிப் பக்கத்து டிரைவர் ஒருவர் மறுநாள் லோடுக்காகக் காத்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கிளீனர் கிடையாது, தனியாள். "படுக்கிறதும் ஒரு தொழில்தானுங்க. எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தவரு, வண்டிய எங்க நிறுத்திப் படுக்கோணும்னுதான் மொதல்ல சொல்லிக் குடுத்தாரு" என்றார்.

அந்தத் தொழிலைக் கூடவே நின்று பார்த்தேன். புளியமரத்தடி காலியாகக் கிடந்தும் அங்கே விடவில்லை. மண் இளகல், காற்றடித்தால் கிளை முறியும். தெருவிளக்கு வெளிச்சம் விழும் கெட்டித்தரையில், வண்டியின் முகம் ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்தினார். அவசரமென்றால் ரிவர்ஸ் எடுக்காமல் கிளம்பலாம். டீசல் டேங்க் இருக்கும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிட்டார். "மூடியத் தெறக்க ஒருத்தன் கை நுழையக் கூடாதுங்க." ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். கேபின் கூரையில் மடித்துக் கிடந்த தார்ப்பாயைக் கட்டிய கயிற்றின் நுனியைக் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே இழுத்துத் தலைமாட்டுக் கம்பியில் முடிந்துகொண்டார். வெளியே யாராவது முடிச்சில் கை வைத்தால் உள்ளே கயிறு அசையும்.

ஓடி வந்த வண்டியில் எஞ்சின் சூடு சீக்கிரம் இறங்காது. அதனால் இரண்டு கதவையும் திறந்துபோட்டு அரைமணி நேரம் வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். சீட்டுக்குப் பின்னால் ஓராள் படுக்கிற பலகை; அதன்மேல் தேங்காய்நார் மெத்தை. ஸ்பாஞ்ச் வியர்வையைப் பிடித்துக்கொண்டு முதுகை வேகவைக்கும் என்று அதை எடுத்துவிட்டாராம். ஜன்னல்களுக்கு எலாஸ்டிக் வைத்த கொசுவலை. அவர் மனைவி தைத்துக் கொடுத்தது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, வலையை மாட்டிவிட்டால் காற்று வரும், கொசு வராது. கொசுவத்திச் சுருளை அவர் கேபினுக்குள் கொளுத்துவதே இல்லை. ரோட்டோரமாக நிறுத்தினால் தலை வைப்பது எப்போதும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்.

பக்கத்தில் புது லாரி ஒன்று ஏசிக்காக எஞ்சின் ஓடியபடி நின்றது. நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி 2025இல் வந்திருக்கிறது. வெயிலில் வெந்தவர்களுக்கு நியாயமாகக் கிடைத்த வசதி அது. ஆனால் சங்ககிரிப் பெரியவர் போய்க் கதவைத் தட்டினார். "தம்பி, வண்டிய ஆஃப் பண்ணிப்போட்டுப் படு." அவர் சொன்னதை ஒவ்வொரு டிரைவரும் மனதில் வைக்க வேண்டும். புகைக்குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகைதான் காரணம்.

இன்னொரு பழக்கம் லாரிக்கு அடியில் பாய் விரிப்பது. மத்தியானத்தில் நிழல் தேடிச் சுமைதூக்கும் ஆட்களும் அங்கே படுக்கிறார்கள். வண்டி எடுப்பவருக்கு அடியில் ஆள் இருப்பது தெரியாது. இதை மண்டிக்காரர்கள் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு என்றது. ஆனால் 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களின் டிரைவர்களுக்கு அந்த 9 மணி நேரம் நடைமுறையில் கிடைப்பதில்லை. பலாவோ காத்திருக்காது. பழுக்கத் தொடங்கினால் விலை விழும். அதனால் ஏற்றிய கையோடு "கிளம்பு" என்கிறார்கள். வழியில் கண்ணசந்தால் போன் அடிக்கிறது. உடம்பு தூக்கத்துக்கு அதிகமாக ஏங்கும் அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை டிரைவர்கள் ஸ்டீயரிங்கில் இருக்கிறார்கள். பெரியவர் தூங்கி எழுந்தாலும் உடனே ஓட்டுவதில்லை. முகம் கழுவி, ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்து, கால்மணி நேரம் கழித்துத்தான் சாவி போடுகிறார். தூக்கம் கலைந்தாலும் மூளை முழுதாக விழிக்க அவ்வளவு நேரம் தேவைதான்.

தேசிய நெடுஞ்சாலைகளில் லாரி, டாக்சி ஓட்டுநர்களுக்கு முதற்கட்டமாக 1000 ஓய்வு மையங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். நல்ல திட்டம்தான். ஆனால் லோடையும் டீசலையும் தனியே விட்டுவிட்டு எந்த டிரைவர் கட்டில் தேடிப் போவார்? காவல் இருந்தால்தான் கட்டிலுக்குப் பொருள் உண்டு. அவர் காத்துக் கிடப்பதும் லோடு ஏறுகிற ஊரில், மண்டி வாசலில்தான்.

எனவே ஆலங்குடி வட்டார மண்டி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சீசனுக்குள் நீங்கள் கூடிப் பேசி, கெட்டித்தரை போட்ட ஒரு நிறுத்துமிடம், விளக்கு, கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், ராத்திரிக்கு ஒரு காவலாள் இவ்வளவும் ஏற்பாடு செய்யுங்கள். லோடு ஏறி முடிந்ததும் டிரைவரிடம், தூங்கி எழுந்து போகச் சொல்லுங்கள்.