சந்தையில் விற்கும் ஸ்பேனர் செட்டை வாங்கலாமா?

வாசகர் கேள்விகளில் ஒன்றை இந்த முறை ஆசிரியர் எனக்கு அனுப்பி வைத்திருந்தார். இலைச்சுருட்டுப் புழு, துத்தநாகக் குறைபாடு என்றே பதில் எழுதிப் பழகியவனுக்கு இது புதுக் கேள்வி. கறவை மாடு வைத்திருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "தினமும் காலையில் மொபெட்டில்தான் பால் சொசைட்டிக்குப் போகிறேன். மெக்கானிக் கடை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. செயின் தொய்ந்தாலும் அன்றைய பால் நேரத்துக்குப் போய்ச் சேராது. சின்னச் சின்ன வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள, சந்தையில் விற்கும் 24 உருப்படி ஸ்பேனர் செட்டை வாங்கலாம் என்கிறான் மகன். விலையும் குறைவுதான். வாங்கலாமா?"

வேண்டாம் சகோதரி. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, பெயர் தெரிந்த கம்பெனியின் காம்பினேஷன் ஸ்பேனர் நாலைந்தைத் தனித்தனியாக வாங்குங்கள். காரணத்தை விவரமாகவே சொல்கிறேன். நான் படித்தது வேளாண்மை, பொறியியல் அல்ல. ஆனால் முப்பது வருடமாக பைக்கில் ஊர் ஊராகப் போகிறவன் ஸ்பேனரைத் தொடாமல் இருக்க முடியாது.

ஒரு குறுவைப் பட்டத்தில் நீடாமங்கலம் பக்கம் பார்த்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வயலுக்கு வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் சேற்றுழவில் இறங்கியிருந்த சமயம். வரப்போரம் நாற்று முடிச்சுகள் கிடந்தன. நடவுக்கு வந்த பெண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வயல் நடுவே வாடகை பவர் டில்லர் நின்றுகொண்டிருந்தது. பெல்ட் தொய்ந்துவிட்டது, அவ்வளவுதான். டென்ஷன் புல்லியின் நட்டைத் தளர்த்தி பெல்ட்டை இழுத்துவிட்டு மறுபடி முடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஓட்டுநர் தம்பி கால் மணி நேரமாக நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கை முட்டியில் ரத்தம்.

"என்ன தம்பி, எந்த ஸ்பேனர் போட்ட?"

"பதிமூணு சார். நட்டு பன்னெண்டுதான். பன்னெண்டு பக்கம் வாய் அகண்டு போச்சு. பதிமூணு கொஞ்சம் லூசாத்தான் இருந்துச்சு, பரவாயில்லேன்னு போட்டேன்."

நட்டின் ஆறு மூலையும் மழுங்கி, உருண்டையாகிக் கிடந்தது. இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காது. உளி வைத்து அடித்துப் பார்த்தார்கள், அசையவில்லை. மன்னார்குடியிலிருந்து மெக்கானிக் வந்து கழற்றும்போது மணி நாலு. நடவுப் பெண்களுக்கு அரை நாள் கூலி கொடுத்து அனுப்பியாயிற்று. வயல்காரப் பெரியவர் என்னிடம் புலம்பினார்: "ஒரு நட்டால நாத்து காயுது பாருங்க சார்." பறித்த நாற்றை எத்தனை நாளைக்கு வைத்திருக்க முடியும்? அந்த நட்டின் விலை ஐந்து ரூபாய்க்கு மேல் இருக்காது.

மலிவு ஸ்பேனரின் முழுக் கதையும் இதுதான். இரும்பு மென்மையாக இருந்தால், இறுகிய நட்டில் அழுத்தும்போது நட்டு திரும்புவதற்குப் பதில் ஸ்பேனரின் வாய் விரிகிறது. ஒருமுறை விரிந்த வாய் பழைய அளவுக்குத் திரும்பாது. அடுத்த நட்டில் அது தளர்ந்து உட்கார்ந்து மூலையைச் சீவுகிறது. கெட்டுப்போன ஸ்பேனர் தன்னோடு நல்ல நட்டையும் கெடுக்கிறது. வழுக்கும்போது நம் கை போய் இரும்பில் மோதுகிறது.

இனி காம்பினேஷன் ஸ்பேனருக்கு வருவோம். நம் வீடுகளில் அதிகம் கிடப்பது இரட்டை வாய் ஸ்பேனர். ஒரு பக்கம் 10, மறு பக்கம் 11 என்று இருக்கும். எட்டு உருப்படி வாங்கினால் பதினாறு அளவு கிடைப்பதால் லாபம் போலத் தோன்றும். ஆனால் திறந்த வாய் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். காம்பினேஷனில் ஒரு பக்கம் திறந்த வாய், மறுபக்கம் வளையம், இரண்டும் ஒரே அளவு. வளையம் நட்டைச் சுற்றி ஆறு மூலையிலும் பிடிப்பதால் வழுக்குவது அரிது. இறுக்கத்தை உடைக்க வளையம், தளர்ந்த பிறகு வேகமாகக் கழற்ற திறந்த வாய். கடைசி முடுக்குக்கு மறுபடி வளையம். பழகிவிட்டால் கை தானாகத் திருப்பிப் போடும்.

திறந்த வாயைக் கவனித்துப் பாருங்கள், கைப்பிடிக்கு நேராக இருக்காது. 15 டிகிரி சாய்ந்திருக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இடம் குறுகலாக இருந்தால் கொஞ்சம் திருப்பி எடுத்து, ஸ்பேனரைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டால் மறுபடி பிடி கிடைக்கும். இது தெரியாமல் குறுகிய இடத்தில் ஸ்பேனரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

வளையத்தின் உள்ளே பெரும்பாலும் 12 பல் இருக்கும். ஆறு பல் வளையமும் கிடைக்கிறது. அன்றாட வேலைக்கு 12 பல்தான் வசதி, சின்னத் திருப்பத்திலேயே அடுத்த பிடி கிடைக்கும். துருப்பிடித்த நட்டுக்கு ஆறு பல் நல்லது. மூலையில் மட்டும் பிடிக்காமல் பக்கத்தோடு சேர்த்து அழுத்தும். போர் மோட்டார் இறக்கி ஏற்றும் வீட்டில் 17, 19 இரண்டையும் ஆறு பல்லில் வைத்திருக்கச் சொல்வேன். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் நட்டு மழுங்கிப் போய், முடுக்கிவிட்டோம் என்று நினைத்துக் கையை எடுத்தால், குழாயும் மோட்டாரும் போருக்குள் போகும். அதற்கப்புறம் ஸ்பேனர் விலையை யாரும் பேச மாட்டார்கள்.

எந்த அளவு வாங்குவது என்பதில்தான் பலரும் காசை விடுகிறார்கள். ஸ்பேனரில் போட்டிருக்கும் எண் நட்டின் ஒரு தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்த் தட்டைப் பக்கம் வரையுள்ள அகலம், மில்லிமீட்டரில். ஒரே 8 மி.மீ. தண்டுள்ள போல்ட்டின் தலை ஜப்பான் வழி வந்த வண்டியில் பெரும்பாலும் 12 ஆக இருக்கும், ஐரோப்பிய வழியில் 13 ஆக இருக்கும். 10 மி.மீ. தண்டுக்கு அங்கே 14, இங்கே 17 அல்லது 16. நம் ஊர் பவர் டில்லர்களில் காம்கோ குபோட்டா வழி வந்தது, வி.எஸ்.டி. மிட்சுபிஷி வழி வந்தது. இரண்டுமே ஜப்பான் வழி. அந்தத் தம்பியின் கையில் 12 இல்லாமல் போனது எவ்வளவு பெரிய குறை என்று இப்போது தெரியும்.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1960-ல் மாஸி ஃபெர்குசன் கூட்டோடு சென்னையில் தொடங்கியது டாஃபே. அந்த வழியில் வந்த பழைய டிராக்டர்களில் அங்குல அளவு நட்டுகள் உண்டு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ., அதனால் 19 ஸ்பேனர் சரியாக உட்காரும். 9/16 அங்குலம் என்பது 14.3. அதில் 14 நுழையாது, 15 ஆடும். ஆடும் ஸ்பேனரைப் போட்டு மூலையைச் சீவிவிட்டு, 'டிராக்டர் பழசு, நட்டு தேய்ந்துவிட்டது' என்று டிராக்டர் மேல் பழி போடுவது வழக்கம். அங்குல ஸ்பேனர் தனியாகக் கிடைக்கிறது. 1/2, 9/16 இரண்டு இருந்தாலே பெரும் தொல்லை தீரும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டியைக் கேளுங்கள். அடுத்த சர்வீஸுக்கு விடும்போது மகனை ஒரு நோட்டோடு மெக்கானிக் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்த இடத்துக்கு எந்த எண்ணை எடுக்கிறார் என்று எழுதிக்கொண்டே வரட்டும். மொபெட், பைக்குக்கு 8, 10, 12, 14, 17 ஆகிய ஐந்தும் திரும்பத் திரும்ப வரும். சில வண்டிகளில் 13 வரும். பின்சக்கர அச்சு நட்டு மட்டும் வண்டிக்கு வண்டி மாறும், அதை அளந்தே வாங்குங்கள். இன்னொன்று: போல்ட்டின் தலையும் மறுபக்க நட்டும் ஒரே அளவாக இருந்தால், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். காம்பினேஷனில் இரண்டு பக்கமும் ஒரே எண் என்பதால் ஒரே ஸ்பேனரை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. அதிகம் பயன்படும் 10, 12 இரண்டிலும் இரண்டிரண்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் பழைய இரட்டை வாய் ஸ்பேனர் இருந்தால் பிடித்துக்கொள்ள அதுவே போதும்.

24 உருப்படி செட்டில் நீங்கள் தொடப் போவது இந்த ஐந்தாறைத்தான். 9, 11, 15, 18 எல்லாம் பெட்டியிலேயே துருப்பிடிக்கும். செட் விலையை 24-ஆல் வகுக்காமல் ஆறால் வகுத்துப் பாருங்கள், மலிவு என்ற மயக்கம் தெளியும்.

கடையில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல. மலிவுச் சரக்கும் குரோம் பூச்சில் கண்ணாடி போல மின்னும். நாளானால் அந்தப் பூச்சே தகடு தகடாக உரிந்து விரலைக் கிழிக்கும். குரோம் வனேடியம் என்று முத்திரை இருந்தால் நல்லதுதான். இரும்போடு கொஞ்சம் குரோமியமும் வனேடியமும் சேர்ந்தால் உறுதியும் உண்டு, சட்டென்று ஒடியாத தன்மையும் உண்டு. ஆனால் முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம். அதனால் கடைக்குப் போகும்போது ஒரு புது போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தலையில் 8.8 என்று குத்தியிருக்கும் போல்ட் கெட்டியானது, அளவும் ஒழுங்காக இருக்கும். ஸ்பேனரை அதில் மாட்டி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். தடங்கலில்லாமல் நுழைய வேண்டும், நுழைந்த பின் கடகடவென்று ஆடக் கூடாது. வாயின் உள்பக்கம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக, விளிம்பு கூராக இருக்கிறதா பாருங்கள். பூச்சு தடித்து மூலை உருண்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

டபாரியா போன்ற பெயர் தெரிந்த நம் நாட்டுக் கம்பெனிகளே நம் வேலைக்குப் போதும். ஜலந்தர், லூதியானா பக்கம் கைக்கருவிகள் செய்து வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள். வெளிநாட்டுப் பெயருக்காகப் பல மடங்கு கொடுப்பது தினமும் பத்து வண்டி பார்க்கும் மெக்கானிக்குக் கட்டுப்படியாகலாம், மாதம் ஒருமுறை செயினை இழுத்துவிடும் நமக்கு அது வீண். எழுத்தை மாற்றிப் போட்ட போலிப் பெயர்களும் வருகின்றன, படித்துப் பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒன்றாக வாங்கினாலும் அரை வருடத்தில் உங்கள் செட் சேர்ந்துவிடும்.

ஸ்பேனரின் நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன அளவு ஸ்பேனரைக் குட்டையாகச் செய்திருப்பது இரும்பை மிச்சம் பிடிக்க அல்ல. கை பலம் அந்தச் சின்ன போல்ட்டை அறுத்துவிடாமல் இருக்கத்தான். 10 ஸ்பேனர் போடும் போல்ட்டின் தண்டு பெரும்பாலும் 6 மி.மீ. தான். அலுமினிய இன்ஜின் மூடியில் அதை முழு பலத்தோடு முடுக்கினால் உள்ளே மரை போய்விடும். ஸ்பேனருக்குக் குழாய் செருகி நீட்டுவதும், சுத்தியலால் அடிப்பதும் வேண்டாம். இறுகிய நட்டுக்கு மண்ணெண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். ஸ்பேனரைத் தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள், வழுக்கினாலும் முட்டி அடிபடாது. அடிபட்டுவிட்டால், சாணமும் மண்ணும் புழங்கும் கை என்பதை மறக்காமல் சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைக்கும் இடம் உர மூட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். உப்புக் காற்றில் எந்த ஸ்பேனரும் துருப்பிடிக்கும். பழைய இன்ஜின் ஆயில் தோய்ந்த துணியால் துடைத்து, ஒரு பலகையில் ஆணியடித்து வரிசையாக மாட்டுங்கள். எந்த ஆணி காலியோ அந்த ஸ்பேனர் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம்! கைப்பிடியில் மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற பெயின்ட்டை ஒரு கோடு இழுத்துவிட்டால், திரும்பி வரும்போது அடையாளம் மாறாது.

சகோதரி, ஸ்பேனர் வாங்கியதும் முதல் வேலையை அதிகாலை அவசரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பால் ஊற்றிவிட்டு வந்த பின், இன்ஜினை அணைத்து, வண்டியை நிழலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செயினை இழுத்துப் பாருங்கள். தொய்வு எவ்வளவு இருக்கலாம் என்று வண்டியோடு வந்த கைப்புத்தகத்தில் போட்டிருக்கும். பின்சக்கரத்தின் இரண்டு பக்கக் குறியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக ஓடும். அச்சு நட்டை வளையப் பக்கத்தால் முடுக்கி முடித்த பிறகு பின் பிரேக்கையும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள், செயினை நகர்த்தினால் அதுவும் மாறியிருக்கும். பிரேக் ஷூ மாற்றுவது, முன் ஃபோர்க் வேலை இரண்டுக்கும் மட்டும் அந்த ஒன்பது கிலோமீட்டர் போய்த்தான் ஆக வேண்டும்.