நிற்பதற்கு முன்னால் நாலு வருஷம்

மஞ்சள், மாடு, வாய்க்கால் தண்ணி என்று எழுதிக்கொண்டிருந்தவள் இதையும் எழுதலாமா என்று கொஞ்ச நாள் யோசனையாகத்தான் இருந்தது. எங்க ஊர்ல இதுக்கு ஒரு பேரே கிடையாது. மாசாமாசம் வருவதையே 'தூரம்' என்று சுத்தி வளைத்துத்தான் சொல்லுவோம். அது நிற்பதற்கு இன்னும் சுருக்கம். 'நின்னுபோச்சு', அவ்வளவுதான். போர்வெல்ல தண்ணி நின்னுபோச்சு என்கிற மாதிரி. நேத்து இருந்தது, இன்னைக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு நாலு வருஷமா நின்றுகொண்டே இருக்கிறது.

44 வயசில் ஆரம்பித்தது. முதலில் இருபது நாளைக்கு ஒருதரம் வந்தது. அப்புறம் ரெண்டு மாசம் காணோம். அப்புறம் வந்தால் பத்து நாள் போகாது. அந்தப் பத்து நாளில் மூணு நாள் எப்படி இருக்கும் என்பதைப் பெண்களுக்கு விளக்க வேண்டாம். மஞ்சக்காட்டுக்குள் கக்கூஸ் கிடையாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

களைப்பு எங்களுக்குப் புதுசில்லை. நாள் முழுக்கக் களை எடுத்துவிட்டு வந்து, சோறு தின்று, கயித்துக் கட்டிலில் விழுந்தால் வருமே, அந்தக் களைப்பில் ஒரு சுகம்கூட உண்டு. காலையில் போயிருக்கும். இது காலையில் எழும்போதே இருந்தது. வாய்க்கால் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். தீவனக் கூடையைத் தூக்கித் தொட்டி வரைக்கும் போவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மோட்டார் ரூம் திண்டில் உட்கார்ந்தால் எழவே மனசு வராது. யாரைக் கேட்டாலும் ரெண்டே பதில்தான். "வயசாகுதுல்லக்கா." "வெயிலுங்க." தோட்டத்துக்கு மஞ்சள் வாங்க வருகிற நகரத்து ஆட்களிடம் மூணாவது பதில் ஒன்று உண்டு. "உங்களுக்கென்னக்கா, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, இயற்கையோட இருக்கீங்க."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். அந்த டாக்டரம்மா சீட்டையும் பார்த்து என்னையும் பார்த்து, "இதை வச்சுக்கிட்டா மாடு கறக்கறீங்க?" என்றார். தைராய்டும் சர்க்கரையும் பார்த்தார்கள், அது சரியாகவே இருந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நிற்கப் போகிற வருஷங்களில் கருமுட்டை எல்லா மாசமும் வெளியே வருவதில்லை. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சுவரை வளர்த்துக்கொண்டே போகும். முட்டை வந்தால்தான் சுரக்கிற இன்னொன்று இருக்கிறது, புரோஜெஸ்டிரோன். வளர்ந்ததை அடக்கி, ஒழுங்காக வடிய விடுவது அதன் வேலை. அது வராத மாசத்தில் மடையைத் திறக்க ஆள் இல்லை. வாய்க்கால் நிறைந்து கரை உடைந்தால் எப்படிப் போகும்? அப்படித்தான் போனது. போகிற ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போய்விடுகிறது. ஆக, வயசு என்று எல்லாரும் சொன்னதில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை. வயசுக்கு மாத்திரை இல்லை, ரத்தச்சோகைக்கு உண்டு.

கீரை, பேரீச்சை, முருங்கை எல்லாம் நல்லதுதான், எங்க வேலியில் மூணு முருங்கை நிற்கிறது. ஆனால் ரத்தம் ஒருபக்கம் போய்க்கொண்டிருக்கும்போது கீரையை மட்டும் தின்று 7.6-ஐ 12 ஆக்க முடியாது. இதை இயற்கை விவசாயம் செய்கிற நானே சொல்கிறேன். இரும்பு மாத்திரை மாசக்கணக்கில் சாப்பிட வேண்டும். வயிறு கட்டும், வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. காட்டில் பதினோரு மணி டீயோடு மாத்திரையை விழுங்குகிறவர்கள் எங்க பக்கம் எத்தனையோ பேர். எலுமிச்சைத் தண்ணியோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது, அது வேறு வேளைக்கு.

இந்த இடத்தில்தான் எழுதியே ஆக வேண்டிய விஷயம் வருகிறது. ரத்தப்போக்குக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். "சின்னதா ரெண்டு கட்டி இருக்குங்க. குழந்தை பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கு, எடுத்துடலாம்" என்றார்கள். அடுத்த வாரத்திலேயே தேதி. எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. எங்க ஊரில் ஒரு தெருவுக்கு நாலு பேராவது எடுத்தவர்கள் இருப்பார்கள். பல்லைப் பிடுங்குகிற மாதிரிதான் பேசிக்கொள்வோம்.

தடுத்தது எங்க தோட்டத்துக்குக் களை எடுக்க வருகிற ஒரு அக்கா. என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவர். 37 வயசில் அவருக்கு எடுத்தாயிற்று, சினைப்பைகளையும் சேர்த்து. குழுவில் கடன் வாங்கித்தான் செய்துகொண்டார். மாசத்தில் நாலைந்து நாள் கூலி போகிறதே, எடுத்துவிட்டால் தொந்தரவு விட்டது என்பதுதான் கணக்கு. சினைப்பையை எடுத்தால் எனக்கு நாலு வருஷமாக மெதுவாக வருவது அவருக்கு ஒரே வாரத்தில் வரும். வந்தது. ஆவி, வேர்வை, தூக்கமின்மை எல்லாம். எலும்பும் சீக்கிரம் தேயத் தொடங்கும். குனியாதே, எடை தூக்காதே என்று சொல்லி அனுப்பியவர்கள் அதற்கான கூலியைக் கொடுத்து அனுப்பவில்லை. ஒன்றரை மாசத்தில் காட்டுக்கு வந்துவிட்டார். "அவசரப்படாதீங்கக்கா, இன்னொரு எடத்துல காட்டிட்டு எடுங்க. எனக்கு அப்ப சொல்ல ஆளில்லைங்க" என்றார்.

மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019-ல் செய்தி வந்தது, படித்திருப்பீர்கள். வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் என்பதால் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். அதைப் படித்து 'ஐயோ' என்றவர்களில் நானும் ஒருத்தி. நம்ம தெருவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புற்று இருந்தால், கட்டி பெரிதாக இருந்தால், மருந்துக்கு ரத்தம் நிற்கவே இல்லையென்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், 45 தாண்டியவர்களுக்குப் பெரும்போக்கு இருந்தால் இதைப் பார்ப்பார்களாம். கெடுதல் இல்லை என்று வந்தது. அந்தச் சின்னக் கட்டிகள் தூரம் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும் என்றார்கள். போக்கைக் குறைக்க மாத்திரை, இரும்புக்குச் சில நாள் நரம்பில் ஊசி. மூணு மாசம் கழித்து 10.9. வாய்க்கால் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறி, நின்று, இன்னொருதரம் இறங்கி ஏறிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

மீதிக் களைப்பு தூக்கத்தால் வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்தது போல ஆவி கிளம்பும். கழுத்து, முகம், காது வரை ஏறும். ரெண்டு மூணு நிமிஷம்தான். ஜாக்கெட் நனைந்துவிடும், அப்புறம் குளிரும். வெயில் சூடு வெளியிலிருந்து உள்ளே போகும், இது உள்ளிருந்து வரும், மார்கழியிலும் வரும். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடம் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தொட்டாச்சிணுங்கி ஆகிவிடுகிறதாம். மோட்டார் ஸ்டார்ட்டரில் வோல்டேஜ் வரம்பை ரொம்ப நெருக்கி வைத்துவிட்டால் கொஞ்சம் ஏறி இறங்கினாலே ட்ரிப் ஆகுமே, அதேதான். அரை டிகிரி கூடினால் போதும், உடம்பு வேர்த்துக் கொட்டிவிடும்.

மாமியாரிடம் கேட்டேன். "எனக்கெல்லாம் அப்படி ஒண்ணுமே இல்ல கண்ணு" என்றார். ஒரு வாரம் கழித்து மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, "ஒரு மார்கழி பூரா நான் களத்து மேட்டுலதான் படுத்துக் கெடந்தேன்" என்றார். பனி கொட்டும்போது வெறுங்களத்தில் போய்ப் படுத்ததைப் பார்த்து, மாமனாரோடு சண்டை என்று ஊரே நினைத்ததாம். சமாதானம் பேசப் பெரியவர்கள் ரெண்டு பேர் வந்தார்களாம். "வந்தவீங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்று சிரித்தார். நாப்பது வருஷத்துக்கு முந்திய சிரிப்பு அது.

எனக்கு உதவியவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். நூல் சேலை. தலைமாட்டில் ஈரத்துண்டு. நாலு மணிக்கு மேல் டீ கிடையாது. இதையெல்லாம்விடப் பெரியது, விடியக்காலைக் கறவையை எங்க வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டது. ரெண்டு மணிக்கு விழித்தவளுக்குத் தூக்கம் திரும்புவதே நாலு மணிக்குத்தான், நாலரைக்கு மாடு கறக்க எழ வேண்டும். புதுக் கைக்கு மாடு பால் விடவில்லை. சொசைட்டியில் ரெண்டு வாரம் லிட்டர் குறைந்தது, அவர் தொடையில் ஒரு உதையும் விழுந்தது. அப்புறம் பழகிவிட்டன, மாடும் அவரும். இப்போது நான் ஆறு மணி வரை தூங்குகிறேன்.

ஆட்களுக்கும் நேரத்தை மாற்றினோம். காலை ஆறரைக்கு இறங்கி ஒரு மணிக்குக் கரை ஏறிவிடுவது, கூலி அதே முழு நாள் கூலி. பக்கத்துக் காட்டுக்காரர்கள் "நீங்க கெடுத்து வைக்கறீங்க" என்கிறார்கள். எங்க செட்டில் எட்டுப் பேரில் ஐந்து பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். மோட்டார் ரூம் பக்கத்தில் தகரம் அடித்து ஒரு கக்கூஸ் கட்டினோம். ஒதுங்க இடம் இல்லாமல் காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் வெயிலில் வேலை செய்தவர்கள் இப்போது குடிக்கிறார்கள். தும்மினால் ரெண்டு சொட்டு, அவசரமாக வந்தால் அடக்க முடியாது என்பதெல்லாம் இந்த வயசில் பலருக்கு உண்டு, யாரும் பேசாதது. கக்கூஸ் வந்தபின் பேசுகிறார்கள்.

விரல் கணு காலையில் மடங்க மறுப்பது, கேட்வால்வைத் திறந்துவிட்டு மறந்துபோவது, ஒன்றுமில்லாததுக்குக் கோபம், இவை இன்னும் இருக்கின்றன. முன்னைக்கு இப்போது குறைவு. ஆவிக்கு ஹார்மோன் மாத்திரை நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். மார்பகப் புற்று வந்தவர்களுக்கும் ரத்தம் கட்டுகிற தொந்தரவு உள்ளவர்களுக்கும் ஆகாது, மற்றவர்களுக்கு ஆளைப் பார்த்துத் தருவார்களாம். எனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறேன், வேண்டும் என்றால் கேட்பேன்.

கடைசியாக வந்தது போன புரட்டாசியில். முழுசாகப் பன்னிரண்டு மாசம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்காம். அதற்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் 'திரும்ப வந்துருச்சு' என்று சும்மா இருக்காமல் உடனே போய்க் காட்ட வேண்டும், அது வேறு எதுவாகவும் இருக்கலாம். இதைக் களை செட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது வைகாசி, எட்டு மாசம் ஆயிற்று. நாளைக்கு மஞ்சள் நடவு, விதைக் கிழங்கு களத்தில் காய்கிறது.