'ஆஃப் பண்ணியாச்சா சார்?' - டவர் ஏறும் முன் ஒரு போன்

திருநின்றவூர் ஏரிப் பக்கம் ஒரு செல்போன் டவர். அதன் அடியில் நின்று, இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டே அந்த இளைஞர் போன் போடுகிறார்.

"சார், செக்டர் டூ ஆஃப் பண்ணியாச்சா?"

"ஆயிடுச்சு, நீ ஏறு."

அவ்வளவுதான். இந்த ஒரு வரியை நம்பித்தான் அவர் மேலே போகிறார்.

வயது 29. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எந்த டவரில் ஆன்டெனா மாற்ற வேண்டுமென்றாலும் கூப்பிடுவார்கள். பெயர் வேண்டாம் என்கிறார். "கான்ட்ராக்டர்கிட்ட வேலை எடுத்த இன்னொரு கான்ட்ராக்டர்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாரு. கோச்சுக்கிட்டா நாளைக்குக் கூப்பிட மாட்டாரு."

டவர் கதிர்வீச்சு என்றாலே கீழே குடியிருப்பவர்கள்தான் பயப்படுகிறார்கள். மொட்டை மாடியில் டவர் வைக்க இடம் கொடுத்தவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோன தெருக்கள் உண்டு. ஆனால், அவர்களுக்காக 2012 செப்டம்பர் 1 முதலே மத்திய அரசு சர்வதேச வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 வாட் ஆனது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். அதோடு, ஆன்டெனா அலையை முன்னோக்கித்தான் வீசும், நேர் கீழே கொட்டாது. சந்தேகமிருந்தால் 2017-ல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தில் தங்கள் ஏரியா டவரைப் பார்க்கலாம். கட்டணம் கட்டி அளக்கச் சொல்லவும் முடியும்.

மேலே ஏறுகிறவருக்கு இந்தத் தூரம் கிடையாது. ஆன்டெனாவுக்குப் பின்பக்கம் நிற்கும்வரை பெரிதாகப் பயமில்லை. போல்ட்டைக் கழற்ற முன்னால் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டெனா ஒரு கை தூரத்தில். தொழிலாளர்களுக்கான சர்வதேச வரம்பு பொதுமக்களுக்கு உள்ளதைவிட ஐந்து மடங்கு அதிகம். முகத்துக்கு நேரே நின்றால் அதையும் தாண்டிவிடலாம்.

இது எக்ஸ்ரே மாதிரி அணுக்களை உடைக்கும் கதிர் அல்ல. உடம்பைச் சூடாக்கும், அவ்வளவே. ரத்த ஓட்டம் குறைவான கண்ணும், சூடு ஆகாத விதைப்பையும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. "சூடு தெரிஞ்சா இறங்கிக்கலாம்" என்று சீனியர்கள் சொல்வதுண்டு. தப்பு. இந்த அலை தோலைத் தாண்டி உள்ளே போய்ச் சூடாக்கும். தோலுக்குத் தெரிவதற்குள் உள்ளே சூடு ஏறியிருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. கண்ணுக்குத் தெரியாததை நம்ப இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால், டவரில் நம்பிக்கை போதாது. ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆன்டெனாக்கள் இருக்கும். போன வருஷம் ஒருநாள், இவர் வேலை செய்த ஆன்டெனாவை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தது வேறு கம்பெனியுடையது. அதன் முன்னால் இருபது நிமிஷம் நின்ற பிறகுதான், அடியில் இருந்த ரேடியோ பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார்.

"அன்னிக்கு தலைவலி. வெயிலாவும் இருக்கலாம்" என்கிறார், நியாயமாகவே.

வீட்டில் அது அத்தனை சுலபமாக முடியவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. சொந்தக்காரர்கள் டவரைக் கை காட்டுகிறார்கள். வரம்புக்குள் இருக்கும் கதிர்வீச்சால் அப்படி ஆகும் என்று நிரூபணம் எதுவும் இல்லை. ஆனால், வரம்புக்குள் இருந்ததா என்று யார் அளந்தார்கள்?

அதை அளக்க, பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் சின்ன மீட்டர் இருக்கிறது. அளவு தாண்டினால் கத்தும். பெரிய கம்பெனி இன்ஜினீயர் ஒருவரின் இடுப்பில் ஒருமுறை பார்த்திருக்கிறார். தனக்குக் கேட்டபோது, "கயிறு அறுந்தா விழுவ. அதைப் பாரு மொதல்ல" என்றாராம் சூப்பர்வைசர். விழுவதும் நிஜமான பயம்தான். அதற்காவது பெல்ட் கொடுக்கிறார்கள்.

இப்போது அவர் வாய்வார்த்தையில் ஏறுவதில்லை. எந்தெந்த ஆன்டெனா, எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குகிறார். மேலே போனதும் ஒவ்வொரு பெட்டியின் விளக்கையும் பார்க்கிறார். அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனைவிக்கும் அனுப்பிவிடுகிறார்.

சில நாள் அங்கிருந்து பதில் வரும்: "ஏங்க, இதுல ரெண்டு கம்பெனிதானே போட்டிருக்கு. மூணாவது?"

அன்றைக்கு அவர் பாதி ஏணியில் நின்று இன்னொரு போன் போடுவார்.