கேஜும் பிங்கும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி ஜாஸ்தி. இன்னிக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம்.

2008 ஜூலை. மெல்போர்ன்ல எலும்பைத் துளைக்கற குளிர். ஒரு கஸ்டமருக்குப் புது ஸ்டோரேஜ் பொட்டியை ஐஸ்கஸியில இணைக்கணும். (அதாவது டிஸ்க் எங்கியோ இருக்கும். சாதாரண நெட்வொர்க் வழியா வர்றதை சர்வர் தன்னோட சொந்த டிஸ்க்குன்னு நினைச்சுக்கும். அவ்ளோதான் மேட்டர்.) விடியறதுக்குள்ள முடிச்சாகணும்.

பன்னெண்டு மணிக்கு எல்லாம் சுபம். பிங் போகுது. 3260 போர்ட் திறந்திருக்கு. லாகின் ஆகுது, டிஸ்க் கூடத் தெரியுது. பெரிய ஃபைல் ஒண்ணைக் காப்பி பண்ணினா மட்டும் அப்படியே உறைஞ்சு நிக்குது.

போன்ல நெட்வொர்க் பாக்கற சின்னப் பையன் ஒருத்தன் மெதுவா, "எம்டியூ ஏதாவது மாத்தினீங்களா?"ன்னு கேட்டான். "பிங் போகுதுல்ல? நீ உன் வேலையைப் பாரு"ன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லிட்டு, ஸ்டோரேஜ் பொட்டியை ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணினேன். ரெண்டு மணி நேரம் போச்சு.

அப்போ தங்கவயல்லேருந்து நைனா போன். அங்கே ஒன்பதரை. 2001 பிப்ரவரி 28ல மைன்ஸை மூடற வரைக்கும் சாம்பியன் ரீஃப்ல கேஜுக்கு பெல் அடிச்சவர். மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் போன சுரங்கம் அது.

"இன்னாடா, இன்னும் தூங்கலியா?"

புலம்பினேன். அந்தப் பையனைப் பத்தியும் சேர்த்துதான்.

"வெறும் கேஜ் நல்லாத்தான் இறங்கும்டா. லோடு வச்சு விட்டுப் பாத்தியா?"

நைனா சொல்லித்தான் கண்டுபிடிச்சேன்னா அது சினிமா. பையன் கேட்ட உடனே நானே செஞ்சிருக்க வேண்டிய டெஸ்ட் அது. சும்மா பிங் அடிச்சா போறது ஐம்பத்தாறு பைட், வெறும் கேஜ். 8972 பைட் வச்சு, வழியில துண்டு போடாதேன்னு சொல்லி அனுப்பினேன். ஒண்ணுகூடத் திரும்பி வரலை. 1472 வச்சா வருது.

சாயங்காலம் வேகம் கூடும்னு ரெண்டு முனையிலயும் எம்டியூவை 9000 ஆக்கினது ஐயாதான். நடுவுல இருந்த சுவிட்ச் 1500லயே நின்னுச்சு. ரெண்டு முனையும் 9000ன்னு பேசி முடிவு பண்ணிக்கும். நடு சுவிட்ச் பெரிய ஃபிரேமைச் சத்தமே போடாம கீழே போட்டுடும். லாகின் சின்னச் சமாச்சாரம், அதனால தாண்டிப் போயிடுச்சு. எந்த லாக்லயும் 'எம்டியூ'ன்னு ஒரு வார்த்தை இல்லை.

அந்த நேரத்துல சுவிட்ச்ல கை வைக்க அனுமதி கிடைக்காது. ரெண்டு முனையையும் 1500க்கு இறக்கினேன். காப்பி ஓட ஆரம்பிச்சுது. அடுத்த வாரம் முறையா அனுமதி வாங்கி, சுவிட்சை 9216 ஆக்கி, லோடு பிங் அடிச்சுப் பாத்துட்டு, அப்புறம்தான் முனைகளை ஏத்தினோம். அந்த வரிசை முக்கியம் மக்களே!

ஞாயித்துக்கிழமை நைனாவுக்கு போன் போட்டேன்.

"கேஜ் இறங்குச்சா?"

"இறங்குச்சு நைனா."

"அந்தப் பையன் கிட்ட பேசினியா?"

மெயில் அனுப்பிட்டேன்னு சொன்னேன்.

"எல்லார் முன்னாடியும் திட்டிட்டு, தனியா லெட்டரா?"

திங்கக்கிழமை காலை கான்ஃபரன்ஸ் காலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய் உக்காந்துட்டேன்.